பெஸ்ஸி கோல்மன் அம்மையார்

பெஸ்ஸி கோல்மன் அம்மையார் 1892ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு டெக்ஸாஸ் மாகாணத்தில் ஏழைக் குடியொன்றிற் பிறந்தார். இளமையிற் பருத்தி பறித்தார்; பின்னர்ச் சிகாகோ நகரில் நகங்களுக்கு மெருகிட்டுப் பொருளீட்டினார். வானூர்தி செலுத்தும் வேட்கை மிகுந்தும், கறுப்பினப் பெண்ணாதலின் அந்நாட்டுப் பயிற்சிப் பள்ளிகள் அவரை ஏற்றில. அதனாற் சோர்ந்திலர், பிரெஞ்சு மொழி பயின்று, 1920இல் கடல் கடந்து, பிரான்சு நாட்டு லெ குரோத்வா என்னும் ஊரில் அக்கலையைக் கற்றார். 1921 ஜூன் 15ஆம் நாள் விமானிக்குரிய சான்று பெற்றார். அமெரிக்கக் கறுப்பினப் பெண்டிருள் அதனை முதற்கண் எய்தியவர் அவரே. சான்றோடு அமையாது, மீண்டும் ஐரோப்பா சென்று தேர்ச்சி மிகுத்து, 1922இல் நியூயார்க்கில் மக்கள் காணப் பறந்தார். தம்மினத்தார்க்கெனப் பறப்புப் பள்ளியொன்று நிறுவ விழைந்தார்; அது கைகூடுமுன், 1926 ஏப்ரல் 30இல் ஜாக்ஸன்வில் நகரில் ஊர்தியினின்று வீழ்ந்து மாண்டார். ஆயினும் 1929இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவர் பெயரால் ஒரு பறப்புக் கழகம் எழுந்தது. அவருக்கு அடைத்த கதவு அவர் வழிவந்தார்க்குத் திறக்கலாயிற்று.