பறவைநூல் அறிஞர் லேயார்ட்

நூல்களைக் கற்றல் கல்வியின் ஒரு பாதி. கண்ணாற் கண்டதை ஐயந்திரிபறக் குறித்து வைத்தல் அதன் மறு பாதி. முன்னதில் நம்மவர் காட்டும் ஊக்கம் பின்னதிற் குறைவே. குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் ஆனையிறவு வழியே செல்வோர், வாடைக் காலத்திற் கடனீரேரியிலே பூநாரைகளும் உள்ளான்களும் கூட்டங் கூட்டமாக இரை தேர்தலைக் காண்பர். காண்பவர் பலர், இன்ன பறவை, இன்ன திங்களில், இன்ன இடத்தில் என்று எழுதி வைப்பவர் மிகச் சிலர். அச்சிலருள் முற்பட்டவராய், நம் வடபுலத்திலும் வாழ்ந்து பறவைகளை ஆராய்ந்தவர் எட்கார் லியோபோல்ட் லேயார்ட் ஆவர். அன்னாரின் சரிதம் மாணாக்கர் அறியத்தக்கதொன்று.

லேயார்ட் 1824 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23 ஆம் நாள் இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் இலங்கைச் சிவில் சேவையிற் பணியாற்றியவர். தமையனாராகிய ஒஸ்டின் ஹென்றி லேயார்ட், பழைய அசீரிய நகரங்களை அகழ்ந்து வெளிப்படுத்தி உலகப் புகழ் பெற்றவர். தமையனார் மண்ணுள் மறைந்தவற்றைத் தேடினார். தம்பியார் விண்ணிற் பறப்பனவற்றை நாடினார். 1845 இல் பார்பரா ஆன் கல்த்ராப் என்னும் நங்கையை மணந்து, அடுத்த ஆண்டளவில் இலங்கை வந்து சேர்ந்த அவர், ஏறக்குறைய எட்டாண்டுகள் இங்கு வாழ்ந்தார்.

உத்தியோகத்துக்குரிய நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் அவர் காட்டிலும் கரையிலும் கழித்தார். படைமருத்துவராகிய ரொபட் டெம்பிள்டன் அவருக்கு உற்ற துணையாயினார். பறவையைச் சுட்டு வீழ்த்தித் தோலைப் பதஞ்செய்து வைத்தாலன்றி இனத்தைத் துணிதல் அரிதாயிருந்த காலம் அது. லேயார்ட் தாம் சேர்த்தவற்றைக் கல்கத்தாவில் ஆசியச் சங்க நூதனசாலையைக் காத்து வந்த எட்வேர்ட் பிளைத் என்பாருக்கு அனுப்பினார். இலங்கையிலன்றி வேறெங்கும் வாழாத கிளியினம் ஒன்றைப் பிளைத் 1849 இல் உலகுக்கு அறிவித்தார். லேயார்டின் மனைவியாருடைய குலப்பெயரே அக்கிளியின் நூற்பெயரில் இன்றும் விளங்குகின்றது.

எனினும், தமிழர் நெஞ்சைத் தொடுவது வேறொரு பெயர். லேயார்ட் பருத்தித்துறையில் இருந்த காலத்து, அவரிடம் முத்து என்னும் தமிழர் ஏவலராக இருந்தார். பறவைகளைத் தேடிப் பிடிப்பதில் முத்துவுக்கு இருந்த பொறுமை பெரிது. ஒருநாள் மார்பிலே கபில நிறம் படர்ந்த சின்னஞ்சிறு ஈப்பிடிப்பான் ஒன்றை அவர் கொணர்ந்தார். அது நூல்களிற் காணப்படாத புதிய இனம். வடகீழ் இந்தியா, தென்சீனம் முதலிய இடங்களிற் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது. அக்காலத்து அறிஞர் புதிய உயிர்களுக்குப் பிரபுக்கள், புரவலர் பெயர்களைச் சூட்டுதல் வழக்கம். லேயார்டோ, தமது நல்ல பறவைகள் பலவற்றுக்கு முத்துவின் உழைப்பே காரணம் என்பதை வெளிப்படையாக எழுதி, 1854 இல் அப்பறவைக்கு முத்துவின் பெயரையே இட்டார். மஸ்கிகாபா முத்துவி என இன்றும் உலகெங்கும் அது வழங்குகின்றது.

அவருடைய கூர்நோக்குக்கு மற்றொரு சான்றும் உண்டு. நாகபாம்பொன்று ஒடுங்கிய துளையினூடே தலையை நீட்டித் தேரையொன்றை விழுங்கியது. வயிறு புடைத்தமையால் தலையை மீட்க இயலாது அதனைக் கக்கியது. மீண்டும் விழுங்கி மீண்டும் கக்கியது. மூன்றாம் முறை தேரையின் காலொன்றைப் பற்றி இழுத்து வெளியே கொணர்ந்து பின் விழுங்கியது. லேயார்ட் எழுதிய இச்சிறு நிகழ்ச்சியைச் சார்ல்ஸ் டார்வின், விலங்குகளின் அறிவைப் பற்றி ஆராயுமிடத்து எடுத்தாண்டார்.

இலங்கைப் பறவைகளைப் பற்றிய லேயார்டின் குறிப்புகள் 1853, 1854 ஆம் ஆண்டுகளில் இலண்டன் சஞ்சிகையொன்றில் வெளிவந்தன. பின்னர் வின்சென்ட் லெக் 1880 இல் முடித்த பெருநூலுக்கு அவை உதவின. லேயார்ட் 1854 இல் தென்னாபிரிக்கா சென்று, அடுத்த ஆண்டு கேப் நகர நூதனசாலையின் காப்பாளரானார். 702 இனங்களை விரித்துரைக்கும் தென்னாபிரிக்கப் பறவை நூலை 1867 இல் வெளியிட்டார். பிரேசில், பீஜி, நியூ கலிடோனியா ஆகிய நாடுகளிலும் பணியாற்றி, 1900 ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் இங்கிலாந்திற் காலமானார்.

ஆனையிறவுக்குக் கிழக்கே சுண்டிக்குளம் 1938 இல் பறவைச் சரணாலயமாகவும், 2015 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. 1991 இலும் 2000 இலும் பெரும் போர்கள் நிகழ்ந்த ஆனையிறவு மண்ணில், நெடுங்காலம் குறிப்பேட்டுடன் உலவுதல் எவர்க்கும் எளிதாயிருக்கவில்லை. 2009 இல் போர் ஓய்ந்தபின் அத்தடை நீங்கியது. ஏரியில் வலை வீசுவோரும் உப்பளத்தில் உழைப்போரும் பறவைகளின் வரவையும் போக்கையும் நன்கறிவர். எழுதப்படாத அவ்வறிவு அவர்களோடே மறைந்துவிடும். ஆகவே, மாணாக்கர்காள், ஒரு குறிப்பேடு எடுங்கள். நாள், இடம், காற்றின் திசை, கண்ட பறவையின் தொகை ஆகியவற்றை எழுதுங்கள். அதனை உங்களுக்குக் காட்டித் தந்தவர் பெயரையும் மறவாது எழுதுங்கள். லேயார்ட் நமக்குக் கற்பித்த பாடங்களுள் இந்நேர்மையே தலையாயது.