புலி முத்திரை வியாபாரி ஆவ் பூன் ஹா

நம்மவர் பலர் மளிகைக் கடையோ மருந்துக் கடையோ வைத்துப் பிழைப்பவர்கள். அக்கடைகளில் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உள்ள அலமாரியில், ஆறு பட்டைக் கண்ணாடிச் சீசாவில், பாயும் புலியின் படத்தோடு ஒரு தைலம் இருப்பதைக் காணலாம். தலைவலிக்காரர் கேட்பார், நாம் எடுத்துக் கொடுப்போம். அந்தப் புலி ஒரு மனிதரின் பெயர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஆவ் பூன் ஹா 1882-ஆம் ஆண்டு பர்மாவின் ரங்கூனில் பிறந்தார். தந்தையார் ஆவ் சூ கின், சீனத்தின் பூக்கியன் மாகாணத்திலிருந்து பிழைக்க வந்த ஹக்கா வைத்தியர். எங் ஆன் தோங் என்ற பெயரில் ரங்கூனில் ஒரு சிறு மருந்துக் கடை வைத்திருந்தார். அந்நாளில் நம் முன்னோர் பலரும் அதே ரங்கூனில்தான் துணியும் அரிசியும் வியாபாரம் செய்தார்கள் என்பதை இங்கே நினைவுகூரலாம். சூ கினுக்கு மூன்று ஆண் மக்கள். மூத்தவர் பெயரில் டிராகன், நடுவர் பெயரில் புலி, இளையவர் பெயரில் சிறுத்தை. மூத்தவர் இளமையிலேயே காலமாகிவிட்டார். பூன் ஹா என்றால் சாந்தமான புலி, பூன் பார் என்றால் சாந்தமான சிறுத்தை என்று பொருள். நடுவர் சாந்தமாக இருந்தார் என்று சொல்வதற்கில்லை! சண்டைக்காரப் பிள்ளை என்று அவரைச் சீனத்திற்கே அனுப்பி வைத்தார் தகப்பனார். இளையவர் ரங்கூனிலேயே தங்கி ஆங்கிலம் படித்தார்.

1908-இல் தந்தை இறந்தார். தம்பி கடிதம் எழுத, அண்ணன் ரங்கூன் திரும்பினார். தந்தை விட்டுச் சென்ற வைத்திய முறைகளில் ஒரு தைலம் இருந்தது. கற்பூரம், மெந்தால், கிராம்பு எண்ணெய், காயாப்புட்டி எண்ணெய் முதலியவை சேர்ந்த பொருள் அது. புலி எலும்போ புலிக் கொழுப்போ அதில் கிடையாது. இன்றைக்கும் அப்படி நினைப்பவர்கள் என் கடைக்கு வருகிறார்கள், நானும் மறுத்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சீனர்கள் அதைப் பத்தாயிரம் பொன் எண்ணெய் என்று வழங்கினார்கள். அண்ணன் அதற்குத் தம் பெயரையே சூட்டினார். அன்றைய ஜனங்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் தமிழரும், சுரங்கத்தில் ஈயம் எடுக்கும் சீனரும், கம்பத்து மலாய்க்காரரும் ஒரு பாஷை பேசுவோர் அல்லர். ஆனால் புலியின் படத்தைப் பார்த்தால் மூவருக்கும் தெரியும். கடையில் விரலை நீட்டினால் போதும்.

சகோதரர் இருவரும் வேலையைப் பங்கிட்டுக்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. தம்பி அமைதியானவர். பட்டறையும் கணக்கும் அவர் பொறுப்பு. அண்ணனுக்கோ ஊர் ஊராகச் செல்வதும், ஆர்ப்பாட்டமாக விளம்பரம் செய்வதும்தான் பிடித்தம். 1926-இல் அவர் சிங்கப்பூருக்குக் குடியேறினார். நீல் ரோட்டில் எங் ஆன் தோங் கட்டிடம் எழுந்தது. இன்றும் அவ்வழியே போகிறவர்கள் அதைக் காணலாம். தம் மோட்டார் வண்டியின் முன்பக்கத்தில் புலித்தலை ஒன்றைப் பொருத்தினார். ஹாரனை அழுத்தினால் புலி உறுமும். அந்த வண்டி தெருவில் வந்தால் குழந்தைகள் மட்டுமா, பெரியவர்களும் கடையை விட்டு இறங்கி வேடிக்கை பார்த்திருப்பார்கள். வண்டியைப் பார்த்தவர் மறுமுறை தலைவலி வரும்போது எந்தச் சீசாவை நினைப்பார் என்று நான் சொல்லவும் வேண்டுமோ!

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய காரியம். பிறர் பத்திரிகைகளில் மருந்து விளம்பரத்திற்குப் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தவர், 1929-இல் சின் சியூ ஜிட் போ என்ற சீனப் பத்திரிகையைச் சிங்கப்பூரில் தாமே தொடங்கிவிட்டார். 1938-இல் ஹாங்காங்கில் சிங் தாவ், 1939-இல் பினாங்கில் சின் பின். விளம்பரக் காசு தம் கைக்குள்ளேயே சுற்றியது, ஊரில் பேச்சுக்கும் மதிப்பு உயர்ந்தது. ரப்பர் முதலாளி டான் கா கீ 1923-இல் தொடங்கிய நன்யாங் சியாங் பாவ் பத்திரிகைக்கும் இதற்கும் இருந்த போட்டி கொஞ்சநஞ்சமன்று. போட்டியாளர் இருவரும் மறைந்த வெகுகாலத்திற்குப் பின், 1983-இல், சிங்கப்பூரில் அந்த இரண்டு பத்திரிகைகளும் ஒன்றாக இணைக்கப்பட்டன.

1937-இல் பாசிர் பாஞ்சாங்கில் தம்பிக்காக ஒரு மாளிகை கட்டி, இருவர் பெயரையும் சேர்த்து ஹா பார் வில்லா என அழைத்தார். சுற்றிலும் சீனப் புராணக் கதைகளைச் சிமெண்டுச் சிலைகளாக நிறுத்தி, பொதுமக்களை உள்ளே விட்டார். சிலைகள் நமக்கு உவப்பானவை அல்ல. ஆனால் வருகிற ஒவ்வொருவர் மனத்திலும் புலியின் பெயர் பதியும் என்ற வியாபாரக் கணக்கை மெச்சாமல் இருக்க முடியவில்லை. பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அவர் வாரி வழங்கினார். தர்மமா விளம்பரமா என்று அக்காலத்திலேயே கேட்டவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் இரண்டும்தான் என்பேன். படித்த பிள்ளைக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இங்கே என் கடையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன், ஒரு மொத்த வியாபாரி மலிவு விலையில் தைலச் சீசாக்கள் கொண்டு வந்தார். மேலே புலி போல ஒரு மிருகம். சற்று உற்றுப் பார்த்தால் பூனை. லாபத்தை எண்ணி நான் உற்றுப் பார்க்கவில்லை. வாப்பா காலத்திலிருந்து நம் கடையில் சாமான் வாங்கும் ஒரு மூதாட்டி, மறுவாரம் அந்தச் சீசாவைக் கல்லாமேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் போனார். அதன் பிறகு பல மாதங்கள் சீனி வாங்கக்கூட அவர் எதிர்க்கடைக்கே சென்றார். புலிக்காரருக்கு அதனால் ஒரு காசு குறையவில்லை, கெட்டது என் கடையின் பெயர். அந்தப் பூன் ஹா யார் என்று விசாரித்து அறியத் தொடங்கியது அப்போதுதான்.

யுத்தம் அவரையும் விடவில்லை. ஜப்பானியர் வந்தபோது தம்பி ரங்கூனுக்குச் சென்று 1944-இல் அங்கேயே காலமானார். ஹாங்காங்கில் இருந்த அண்ணன் ஜப்பானியரோடு உறவாடினார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. எத்தனை விளம்பரம் செய்தாலும் அந்தக் கறையை அவரால் முழுவதும் துடைக்க முடியவில்லை. சிங்கப்பூர் திரும்பியபோது தம்பியின் மாளிகை சீரழிந்து கிடந்தது. அதை இடிக்கச் சொன்னார். தோட்டத்தை மட்டும் மேலும் மேலும் பெருக்கினார். 1950-இல் சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட் என்ற ஆங்கிலப் பத்திரிகையும் சுங் கியாவ் வங்கியும் தோன்றின. மறு வருடம் மகன் ஆவ் ஹோ விமான விபத்தில் இறந்தார். பெயரைத் தாங்குவான் என்று நம்பிய பிள்ளை.

1954 செப்டம்பரில், அமெரிக்காவில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஹாங்காங் திரும்பும் வழியில், ஹொனலூலுவில் ஆவ் பூன் ஹா காலமானார். 1969-இல் குடும்ப வியாபாரம் பங்குச் சந்தைக்கு வந்தது. இரண்டே வருடத்தில், 1971-இல், ஸ்லேட்டர் வாக்கர் என்ற ஆங்கிலேயக் கம்பெனி அதைக் கைப்பற்றியது. வங்கியும் அதே வருடம் வேறு வங்கிக்கு விற்கப்பட்டது. தைலம் தயாரிக்கும் உரிமை சில காலம் இன்னொரு கம்பெனியிடம் இருந்து, பிறகு திரும்பியது. இன்று ஹா பார் கம்பெனி ஆவ் குடும்பத்தின் ஆதிக்கத்தில் இல்லை. புலி மாத்திரம் சீசாவின் மேல் அப்படியே பாய்கிறது.

பாசிர் பாஞ்சாங் தோட்டம் இன்னும் இருக்கிறது. 2011-இல் அதனருகே ரயில் நிலையம் ஒன்று திறந்தார்கள். அதற்கும் அண்ணன் தம்பி பெயரையே வைத்திருக்கிறார்கள்.