பதவியும் பணிவும்: மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் வாழ்வில் சமயப்பற்றும் பொதுமையும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழின் முதல் புதினத்தை இயற்றியவர் என்ற அளவிலேயே மாயூரம் வேதநாயகம் பிள்ளை பெரிதும் அறியப்படுகிறார். அவர் கத்தோலிக்க சமயத்தில் ஊன்றிய பற்றுடையவர், உரிமையியல் வழக்குகளைத் தீர்த்த முன்சீப், நகர்மன்றத் தலைவர், தாது வருடப் பஞ்சத்தில் பசித்தோர்க்குத் தம் பொருளை ஈந்தவர். பற்று, பதவி, கொடை ஆகிய மூன்றும் அவர் வாழ்வில் எவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதை இக்கட்டுரை அவரது வாழ்க்கை வரலாற்றின் வழியே ஆராய்கிறது. பிறர்க்கு இடமளிக்கும் பொருட்டுத் தம்மைப் பின்னிறுத்திக்கொள்ளும் பணிவே இம்மூன்றையும் இணைக்கும் பண்பு என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: வேதநாயகம் பிள்ளை, கிறித்தவம், சமய சமரசம், தாது வருடப் பஞ்சம், நீதிமன்றத் தமிழ், நீதிநூல்

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கிறித்தவர்களின் இலக்கியப் பணியை ஆராய்வோர் பெரும்பாலும் காப்பியம், பக்திப் பாடல், மொழிபெயர்ப்பு என்னும் துறைகளிலேயே கருத்தைச் செலுத்துவர். வேதநாயகம் பிள்ளையை இத்துறைகளுள் ஒன்றில் அடக்குதல் எளிதன்று. அவர் மரியன்னைக்கு அந்தாதி பாடினார். எச்சமயத்தாரும் பாடத்தகும் கீர்த்தனைகளையும் இயற்றினார். ஆங்கில அரசின் அலுவலராக ஊதியம் பெற்றார். நீதிமன்றங்களில் தமிழே வழங்கவேண்டும் எனவும் எழுதினார். இவை முரண்களா, ஒரே உள்ளத்தின் இருவேறு வெளிப்பாடுகளா என்னும் வினா அவரது வாழ்வை மீண்டும் நோக்கத் தூண்டுகிறது.

குளத்தூரும் இளமைக் கல்வியும்

வேதநாயகம் பிள்ளை 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். வேளாண் மரபில் வந்த இக்குடும்பம் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியிருந்தது. தொடக்கக் கல்வியைத் தந்தையாரிடம் பெற்ற அவர், திருச்சிராப்பள்ளியில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக விளங்கிய தியாகராச பிள்ளையிடம் தமிழும் ஆங்கிலமும் பயின்றார்.

இக்கல்வியின் இயல்பு கருதத்தக்கது. ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே பயின்றோர் அக்காலத்தில் அரசு அலுவலுக்கு உரியவராயினர். அவருள் பலர்க்குத் தமிழ் நாளடைவில் வீட்டுமொழியாக மட்டும் எஞ்சியது. வேதநாயகம் பிள்ளை பெற்ற பயிற்சியோ மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் பெற்றதாகும். ஆள்வோர் மொழியில் உள்ளதை ஆளப்படுவோர் மொழியில் விளங்கவைப்பதே அத்தொழில். பின்னர் அவர் ஆற்றிய பணிகள் பலவற்றுக்கும் இப்பயிற்சியே அடிப்படையாயிற்று.

முன்சீப் பதவியும் நீதியின் மொழியும்

திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியில் சேர்ந்த அவர், மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பின்னர்ச் சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பொறுப்பை வகித்தார். மாயூரத்தில் நெடுங்காலம் பணியாற்றியமையால் அவ்வூர்ப்பெயர் அவர் பெயரோடு ஒட்டி நிலைத்தது.

முன்சீப் நீதிமன்றம் அக்கால நீதி அமைப்பின் கீழ்ப்படியில் இருந்தது. நிலம், கடன், பாகப்பிரிவினை முதலிய வழக்குகளோடு உழவரும் வணிகரும் கைம்பெண்டிரும் நேரே வந்து நின்ற இடம் அதுவே. கையூட்டு எளிதில் நுழையும் இடமும் அதுவே. பதவியேற்ற இரண்டாம் ஆண்டில், 1859இல், வேதநாயகம் பிள்ளை நீதிநூலை வெளியிட்டார். அதில் கைக்கூலியைக் கண்டித்துத் தனி அதிகாரமே வகுத்தார். அறநூல் மரபில் பொய், களவு, கொலை ஆகியவை பழைய பொருள்கள். நீதி வழங்கும் இருக்கையில் அமர்ந்த ஒருவர், அவ்விருக்கைக்கே உரிய குற்றத்தை அறநூலின் பொருளாக்கியது, தம் அலுவலைத் தாமே அறத்தின் முன் நிறுத்திய செயலாகும். நூல் கடவுளைப் போற்றித் தொடங்குகிறது. எனினும் கற்பவர் எச்சமயத்தவராயினும் ஏற்கத்தக்க அறமாகவே அதன் பொருள் விரிகிறது.

அடுத்து அவர் ஆற்றிய பணி, புலமை உலகில் மிகுதியும் பேசப்படாதது. மேல்முறையீட்டு மன்றமான சதர் அதாலத்தின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. தம் வழக்கை ஆளும் நெறி யாதென்று வழக்காடுவோர் அறிய வழியில்லை. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளின் சாரத்தை வேதநாயகம் பிள்ளை தமிழில் தொகுத்துச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரில் 1862இல் வெளியிட்டார். சென்னை உயர்நீதிமன்றம் நிறுவப்பட்ட ஆண்டும் அதுவே. இந்நூலில் புலமைக்குரிய புகழ் இல்லை, கவிநயம் இல்லை, படிப்பவரின் பயன் மட்டுமே உண்டு. சட்ட அறிவு ஓர் அலுவலர்க்கு அதிகாரம் தருவது. அவ்வதிகாரத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாது பகிர்ந்தளித்த இச்செயலையும் கொடையின்பாற் படுத்தலே பொருந்தும்.

1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்திலும் இக்கருத்து தொடர்கிறது. அப்புதினத்தில் ஆண் வேடம் பூண்டு நாடாளும் ஞானாம்பாள் நீதி நடைமுறையைத் திருத்த முற்படுகிறாள். மக்கள் மொழி அறியாத மன்றத்தில் நீதி நிலைக்காது என்பது அங்கு வலியுறுத்தப்படுகிறது. மன்றத்தில் கண்டவற்றையே ஆசிரியர் கதையில் பேசவைத்தார் எனக் கொள்வதற்குச் சித்தாந்த சங்கிரகம் வலுவான சான்றாகும்.

சைவப் புலவர் நட்பு

மாயூரமும் அதனைச் சூழ்ந்த சோழநாட்டுப் பகுதியும் சைவ மடங்களின் நிலம். அங்கே கத்தோலிக்கரான ஓர் அலுவலர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு நெருங்கிய நண்பரானார். திருவாவடுதுறை ஆதீனத்தின் சுப்பிரமணிய தேசிகர் மீது வேதநாயகம் பிள்ளை செய்யுட்கள் இயற்றினார். மகாவித்துவானோ தம் நண்பரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்துக்கோவை பாடினார். உ. வே. சாமிநாதையர் எழுதிய மீனாட்சிசுந்தரம் பிள்ளை வரலாற்றின் வாயிலாக இந்நட்பு பிற்காலத்தார்க்கு நன்கு தெரியவந்தது.

இந்நட்பைச் சமயப் பற்றின்மையின் அடையாளமாகக் கொள்ளுதல் பிழையாகும். மகாவித்துவான் சைவத்தில் சிறிதும் நெகிழாதவர். வேதநாயகம் பிள்ளை 1873இல் திருவருள் மாலை, திருவருள் அந்தாதி, தேவமாதா அந்தாதி, பெரியநாயகி அம்மாள் பதிகம் ஆகிய கிறித்தவ நூல்களை இயற்றியவர். பெரியநாயகி என்பது தமிழ்க் கத்தோலிக்கர் மரியன்னையை அழைக்கும் பெயர்களுள் ஒன்று. இருவரும் தத்தம் நெறியில் உறுதியாக நின்றவாறே ஒருவர் புலமையை மற்றவர் மதித்தனர். தம் நம்பிக்கையில் ஐயமற்றவரே பிறர் பெருமையைத் தயக்கமின்றிப் பாடவல்லார் என்பதை இவ்வுறவு உணர்த்துகிறது.

தாது வருடப் பஞ்சமும் கொடையும்

1872இல் அரசுப் பணியிலிருந்து விலகிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்திலேயே தங்கினார். அந்நகர்மன்றத்தின் தலைவராகவும் விளங்கினார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. தமிழ் ஆண்டுப் பெயரால் அது தாது வருடப் பஞ்சம் எனப்படுகிறது. மழை பொய்த்தது, தானியம் இருந்த இடங்களிலும் விலை எட்டாத உயரத்திற்கு ஏறியது, பல இலட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மடிந்தனர். 1877இல் அரசின் நிவாரண வேலைக்குரிய கூலி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் என்னும் அளவுக்குக் குறைக்கப்பட்டது. அரசு செலவைக் கணக்கிட்டுக் கொண்டிருந்த காலம் அது.

காவிரிப் பாசனம் பெற்ற தஞ்சை மாவட்டம் வறண்ட உள்மாவட்டங்களைப் போல முற்றிலும் பாழாகவில்லை. ஆதலின் பசித்தோர் அங்கு வந்து சேர்ந்தனர். இந்நிலையில் வேதநாயகம் பிள்ளை தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டிகள் அமைத்து அவர்க்கு உணவளித்தார். அப்போது அவர் ஊதியம் பெறும் அலுவலர் அல்லர், முதுமையை நெருங்கிக்கொண்டிருந்தவர். மேலிடத்து ஆணையோ பதவி உயர்வோ அவரை இச்செயலுக்குத் தூண்டியிருக்க இடமில்லை.

இக்கொடையைப் போற்றிப் பாடியவர் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார். அவர் செல்வரை நாடிப் பாடிப் பிழைத்தவர் அல்லர், எளிய வாழ்வினர், ஆழ்ந்த சிவபக்தர். அத்தகையவர் ஒரு கிறித்தவரின் ஈகையைக் கீர்த்தனையாக்கினார். கஞ்சி பெற்றோரின் குலமும் சமயமும் வினவப்பட்டிருப்பின் இப்பாடல் பிறந்திருத்தல் அரிது.

பெயர் கூறாப் பாடல்கள்

பஞ்சம் முடிவுறும் 1878ஆம் ஆண்டில் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் வெளிவந்தன. இவற்றில் கடவுள் படைத்தவராகவும் காப்பவராகவும் அருளுடையவராகவும் விளிக்கப்படுகிறார். எந்தவொரு சமயத்திற்கும் தனியுரிமையான பெயரால் சுட்டப்படுவதில்லை. பஞ்சத்தின் கொடுமையை இறைவனிடம் முறையிடும் பாடல்களும் இத்தொகுதியில் உள்ளன. கருநாடக இசையரங்குகளில் இவற்றுட் சில இன்றும் பாடப்படுகின்றன. கேட்போர் பலர்க்கு அவற்றை இயற்றியவர் கிறித்தவர் என்பது தெரியாது.

சமரசம் என்பது பற்றின் தளர்ச்சி எனவும், கிறித்தவத்திலிருந்து பொதுமைக்கு அவர் நகர்ந்தார் எனவும் கருத இடமுண்டு. நூல்களின் கால வரிசை இக்கருத்துக்கு இசைவாக இல்லை. சமரசக் கீர்த்தனைகளுக்கு முன் 1873இல் கிறித்தவச் சிற்றிலக்கியங்கள். அவற்றுக்குப் பின் 1889இல் சத்திய வேதக் கீர்த்தனை. இரு பக்கமும் கிறித்தவ நூல்கள் நிற்க, இடையே பொதுப்பாடல்கள் அமைந்துள்ளன. ஆகவே இதனை நகர்வு எனல் பொருந்தாது. இடம் நோக்கிய தேர்வு எனலே தகும். தாம் வழிபடும் இடத்தில் அவர் பெயர் சொல்லிப் பாடினார். எல்லாரும் கூடும் இடத்தில் பிறர் வாய் தயங்கும் பெயரை விலக்கிப் பாடினார்.

கஞ்சித் தொட்டிக்கும் இக்கீர்த்தனைகளுக்கும் உள்ள ஒப்புமை இங்கே புலனாகிறது. இரண்டும் வருவோர் யார் என வினவாதவை. தம் சமயத்தின் பெயரை நிலைநாட்டுதல் ஒருவகைத் தொண்டு. பசித்தவரும் பாடுபவரும் கூச்சமின்றி அணுகும்பொருட்டு அப்பெயரைப் பின்னிறுத்துதல் அதனினும் அரிய தொண்டு.

எல்லைகள்

வேதநாயகம் பிள்ளையின் பொதுமைக்கு எல்லைகளும் உண்டு. 1869இல் வெளிவந்த பெண்மதி மாலை பெண்கல்விக்காக வாதாடும் நூல். எனினும் இல்லறக் கடமைக்கும் கணவனுக்கு அடங்கிய ஒழுக்கத்துக்கும் துணையாகவே கல்வியை அது பெரிதும் காண்கிறது. ஞானாம்பாள் நாடாள்கிறாள், ஆயினும் ஆண் வேடத்திலேயே ஆள்கிறாள், பின் இல்லத்திற்குத் திரும்புகிறாள். புதினத்தின் உலகமும் பெரும்பாலும் வசதிபடைத்த உயர்குடியினரின் உலகமே. உழைப்போர் அதில் மையம் பெறவில்லை.

கொடையைப் பற்றியும் இவ்வாறே கூறவேண்டும். கஞ்சித் தொட்டி அன்றைய பசியைத் தணிக்கும். பசியை விளைத்த ஆட்சிக் கொள்கையை மாற்றாது. ஆனால் கொள்கை மாறும் வரை காத்திருக்க இயலாத உயிர்களின் முன் அவர் நின்றார் என்பதை மறத்தல் ஆகாது. அலுவலராக இருந்தபோது சட்டத்தை மக்கள் மொழியில் தந்தார். அலுவல் நீங்கியபின் உணவைத் தந்தார். தம் கைக்கு எட்டிய எல்லைக்குள் கொடுக்கத் தக்கதை அவர் கொடுத்தார் என்பதே வரலாறு காட்டும் உண்மை.

முடிவுரை

1887இல் சுகுண சுந்தரி என்னும் இரண்டாம் புதினத்தை வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை, 1889ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள் மறைந்தார். அவர் வாழ்வை முழுமையாக நோக்குமிடத்துப் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

அவரது சமயப்பற்றும் பொதுமையும் ஒன்றையொன்று விலக்கியவை அல்ல. நூல்களின் கால வரிசையே இதற்குச் சான்று. நீதிநூலும் சித்தாந்த சங்கிரகமும் பதவியைத் தொண்டாக மாற்றும் முயற்சிகள். எனவே அவற்றை அவரது அறவாழ்வின் பகுதியாகவும் ஆராய வேண்டும். அவரது பணிவு சொல்லளவில் தம்மைத் தாழ்த்திக்கொண்ட பணிவன்று. அதிகாரம் தரும் மொழியையும் தம் பொருளையும் தம் சமயத்தின் பெயரையும் பிறர்பொருட்டு விட்டுக்கொடுத்த செயல்வழிப் பணிவு.

முதல் புதின ஆசிரியர் என்னும் சிறப்பு அவருக்கு என்றும் உரியது. அப்புதினத்தை எழுதிய கை அதற்குமுன் ஏழை வழக்காளிக்குச் சட்டத்தைத் தமிழாக்கியது. பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தது. அவரது இலக்கியத்தின் மதிப்பை அளவிட முனைவோர் இவற்றையும் உடன்வைத்தே அளவிடுதல் முறையாகும்.