கிரேக்கத்தைத் தமிழுக்குத் தந்தவர்

நுழையும்முன்

வரலாற்று வகுப்பில் கிரேக்க நாகரிகம் என்னும் பாடம் தொடங்கும்போது ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, மாரத்தான், பெரிக்ளிஸ் என அயற்பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். தேர்வுக்காக அவற்றை மனப்பாடம் செய்வது எளிது. அவற்றுக்குப் பின்னால் வாழ்ந்த மக்களைக் காண்பதுதான் அரிது. தமிழ் மட்டுமே அறிந்த வாசகரும் அம்மக்களைக் காணவேண்டும் என்பதற்காக எழுதியவர் வெ. சாமிநாத சர்மா. அவருடைய வாழ்வையும் பணியையும் எடுத்துரைக்கிறது இப்பாடம்.

மலையும் நகரும்

திண்டுக்கல் நகருக்குள் நுழைவோர் கண்ணில் முதலில் படுவது மலைக்கோட்டை. தலையணைத் திண்டு போலக் கிடக்கும் ஒற்றைப் பாறையும், அதன் உச்சியில் மதுரை நாயக்கர் காலத்தில் எழுந்த கோட்டையும் நெடுந்தொலைவிலிருந்தே தெரியும். பாறையின் அடியில் தெருக்களும் கடைவீதிகளும் விரிகின்றன. நகரைத் தாண்டினால் கிணற்றுப் பாசனத்தை நம்பிய சமவெளி ஊர்கள். அவற்றுக்கும் அப்பால் ஒருபுறம் சிறுமலை, மறுபுறம் பழனிமலைத் தொடர்.

இக்காட்சியைக் கண்டு வளர்ந்த மாணவருக்குக் கிரேக்க நகர அரசின் அமைப்பு அயலானதாகத் தோன்றாது. கிரேக்க மக்களும் பெரும்பாலும் ஒரு குன்றைச் சார்ந்தே நகரமைத்தனர். குன்றின்மேல் இருந்த பகுதியை உயர்நகர் என்னும் பொருளில் அக்ரோபோலிஸ் என்றனர். கீழே சந்தையும் பொதுவிடமுமான அகோரா அமைந்தது. சுற்றிலும் ஒலிவ மரங்களும் திராட்சைக் கொடிகளும் வளரும் நிலங்கள் இருந்தன. நகரும் நிலமும் அவற்றில் வாழ்ந்த குடிமக்களும் சேர்ந்தே ஓர் அரசு எனப்பட்டது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நம் கோட்டைகளுக்குள் மன்னரும் படைத்தலைவரும் முடிவெடுத்தனர். ஏதென்ஸிலோ, அக்ரோபோலிஸுக்கு எதிரே இருந்த நிக்ஸ் என்னும் குன்றில் உழவரும் குயவரும் படகோட்டிகளும் கூடி அமர்ந்து, போர் தொடுப்பதா, வரி விதிப்பதா என்று கையுயர்த்தி முடிவு செய்தனர். எளிய மக்களால் இது எவ்வாறு இயன்றது? இவ்வினாவுக்குத் தமிழில் விடை தேடுவோர்க்குச் சாமிநாத சர்மாவின் நூல்கள் வழிகாட்டுகின்றன.

இளமையும் இதழ்ப்பணியும்

சாமிநாத சர்மா 1895ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17ஆம் நாள், அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் செய்யாற்றை அடுத்த வெங்களத்தூரில் பிறந்தார். இளமையிலேயே எழுத்தின்மீது பற்றுக் கொண்டார். 1914இல் மங்களம் அம்மையாரை மணந்தார். அவ்வம்மையார் தம் கணவரின் எழுத்து வாழ்வுக்கு இறுதிவரை உற்ற துணையாக விளங்கினார்.

1917ஆம் ஆண்டின் இறுதியில் திரு. வி. க.வை ஆசிரியராகக் கொண்டு ‘தேசபக்தன்’ நாளிதழ் சென்னையில் தொடங்கப்பெற்றது. அரசியலை நல்ல தமிழில் பேச இயலும் என்று காட்டிய அவ்விதழில் சர்மா பணியாற்றினார். பின்னர்த் திரு. வி. க. 1920இல் தொடங்கிய ‘நவசக்தி’யிலும் பல்லாண்டுகள் உழைத்தார். விடுதலை வேட்கை நாடெங்கும் பரவியிருந்த காலம் அது. அயர்லாந்தில் என்ன நடக்கிறது, துருக்கி எவ்வாறு மாறுகிறது, சீனத்தில் எழுந்த கிளர்ச்சியின் காரணம் யாது என அறியும் ஆவல் தமிழரிடையே வளர்ந்துவந்தது. ஆங்கிலம் அறிந்தவர்க்கு நூல்கள் இருந்தன; அறியாதவர்க்குச் செய்தித்தாளின் சில வரிகளே கிடைத்தன. இந்த இடைவெளியை நிரப்புவதையே சர்மா தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார்.

ஸ்காட்லாந்து நாட்டின் விடுதலைப் போராட்டத்தைத் தழுவி அவர் எழுதிய ‘பாணபுரத்து வீரன்’ என்னும் நாடகம் ஆங்கில அரசின் தடைக்கு உள்ளாயிற்று. அதனையே டி. கே. எஸ். சகோதரர்கள் ‘தேசபக்தி’ என்னும் பெயரில் மேடையேற்றினர். அயல்நாட்டு வரலாறு தம் நாட்டு மக்களின் நெஞ்சில் எத்தகைய கனலை மூட்டும் என்பதை ஆட்சியாளரும் அறிந்திருந்தனர்.

இரங்கூன் வாழ்வு

1932இல் சர்மா பர்மாவின் தலைநகரான இரங்கூனுக்குச் சென்றார். வணிகத்தின் பொருட்டும் கூலிவேலையின் பொருட்டும் குடியேறிய தமிழர் பல்லாயிரவர் அந்நகரில் வாழ்ந்தனர். அங்கு 1937இல் ‘ஜோதி’ என்னும் திங்களிதழுக்கு ஆசிரியரானார். உலக அரசியல், வரலாறு, வாழ்க்கை வரலாறு எனப் பல துறைகளையும் அவ்விதழ் தமிழருக்கு அறிமுகம் செய்தது.

உலகச் செய்திகளின் நடுவே நின்ற முஸோலினி, ஹிட்லர் ஆகியோரின் வாழ்க்கையை அவர் எழுதினார். கமால் அத்தாதுர்க், ஸன் யாட் ஸென், ரூஸ்ஸோ, காரல் மார்க்ஸ் ஆகியோர் வரலாறுகளும் அவர் எழுத்தில் தமிழுக்கு வந்தன. செக்கோஸ்லோவேகியா, பாலஸ்தீனம் முதலிய நாடுகளின் சிக்கல்களுக்கும் தனித்தனி நூல்கள் எழுந்தன. ஒரு தலைவர் போற்றத்தக்கவரா, அஞ்சத்தக்கவரா என்பதை வாசகர் தாமே சீர்தூக்கிப் பார்க்கவேண்டுமானால் முதலில் செய்திகள் முழுமையாகக் கிடைக்கவேண்டும் என்னும் நெறி அவருடைய பணி முழுவதிலும் புலனாகிறது.

நெடிய நடைப்பயணம்

1941 டிசம்பர் 23ஆம் நாள் ஜப்பானிய வானூர்திகள் இரங்கூனில் குண்டு வீசின. நகரம் நிலைகுலைந்தது. கப்பலேற இயலாத இந்தியர் பல இலட்சம் பேர் தாயகம் நோக்கி நடக்கத் தொடங்கினர். காடும் மலையும் நிறைந்த அவ்வழியில் பசியாலும் காலரா, மலேரியா முதலிய நோய்களாலும் மாண்டோர் ஆயிரக்கணக்கானோர்.

1942இல் சர்மாவும் மங்களம் அம்மையாரும் அம்மக்கள் வெள்ளத்தில் கலந்து நடந்தனர். பத்தாண்டுகள் உழைத்து உருவாக்கிய வாழ்வைப் பின்னே விட்டு, கையில் சுமக்க இயன்றதை மட்டும் கொண்டு இந்தியா வந்து சேர்ந்தனர். அத்துன்பங்களை அவர் பின்னாளில் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ என்னும் நூலாக எழுதினார். பெயரறியா ஏதிலியரின் துயரைப் பதிவு செய்த வகையில் அந்நூல் தமிழ்ப் பயண இலக்கியத்தில் தனியிடம் பெறுகிறது.

உடைமைகளை இழந்த சர்மா எழுத்தை இழக்கவில்லை. சென்னையில் மீண்டும் எழுதுகோலை ஏந்தினார். போர்களும் பேரரசுகளும் மக்களை எவ்வாறு அலைக்கழிக்கும் என்பதைத் தம் கால்களாலேயே அறிந்த ஒருவர் எழுதும் வரலாற்றுக்குத் தனி வலிமை உண்டு.

கிரீஸ் வாழ்ந்த வரலாறு

சர்மாவின் நூல்களுள் மாணவர் தவறாது அறியவேண்டியது ‘கிரீஸ் வாழ்ந்த வரலாறு’. கிரீஸை ஆண்ட வரலாறு என்றோ வென்ற வரலாறு என்றோ அவர் பெயரிடவில்லை. ஒரு நாடு எவ்வாறு வாழ்ந்தது என்பதே அவர் எழுப்பிய வினா. இத்தலைப்பின் பொருத்தம் கிரேக்க வரலாற்றின் போக்கைக் கண்டால் விளங்கும்.

கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்ஸின் உழவர் பலர் கடனில் மூழ்கியிருந்தனர். கடனைத் திருப்பித் தர இயலாதவர் அடிமையாக விற்கப்பட்டனர். கி.மு. 594இல் ஆட்சிப் பொறுப்பேற்ற சோலோன், கடன்களை நீக்கினார். கடனுக்காக ஒருவரை அடிமையாக்கும் வழக்கத்தை ஒழித்தார். வட்டியின் சுமையை அறிந்த எந்த ஊர் உழவருக்கும் இச்செயலின் அருமை எளிதில் புரியும். மக்களாட்சிக்கான முதற்படி, தம் உடலே அடகுப்பொருளாகிவிடும் என்னும் அச்சத்திலிருந்து மக்களை விடுவிப்பதாக அமைந்தது.

கி.மு. 508இல் கிளைஸ்தனிஸ் குடிமக்களைப் புதிய பிரிவுகளாக வகுத்தார். குலப்பெருமையைவிட வாழும் ஊரே ஒருவரின் அரசியல் அடையாளம் ஆயிற்று. ஐந்நூற்றுவர் அவை அமைந்தது. அதன் உறுப்பினர் பின்னர்க் குடவோலை போன்ற திருவுளச் சீட்டு முறையால் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்த மாணவர், காலத்தாலும் இடத்தாலும் நெடுந்தொலைவில் நின்ற இரு சமூகங்கள் ஒரே வகை வழியை நாடியதை எண்ணி வியப்பர்.

கி.மு. 490இல் மாரத்தானிலும் கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரிலும் பாரசீகப் பேரரசின் படைகள் பின்வாங்கின. சலாமிஸில் படகுகளைச் செலுத்தியோர் பெரும்பாலும் நிலமற்ற ஏழைக் குடிமக்கள். நாட்டைக் காத்தவர்க்கு நாட்டின் அவையில் குரல் வலுப்பெற்றது. பெரிக்ளிஸ் காலத்தில் நீதிமன்றத்தில் நடுவராக அமர்வோர்க்கு ஊதியம் வழங்கப்பட்டதால், அன்றாடம் உழைத்து உண்பவரும் பொதுப்பணியில் பங்கேற்றனர். கி.மு. 447இல் தொடங்கி எழுப்பப்பெற்ற பார்த்தினான் கோயில் அக்காலத்தின் கலைச்சிறப்புக்குச் சான்றாக நிற்கிறது.

ஒளியின் அருகிலேயே நிழலும் இருந்தது. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வேற்றூரிலிருந்து வந்து குடியேறியவர்க்கும் அவையில் இடமில்லை. நட்பு நாடுகளாகச் சேர்ந்தவற்றை ஏதென்ஸ் நாளடைவில் அடக்கி ஆண்டது. கி.மு. 431 முதல் 404 வரை ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் நிகழ்த்திய பெலப்பனீசியப் போர் இருவரின் வலிமையையும் உறிஞ்சியது. தோல்வியும் ஐயமும் சூழ்ந்த நகரில், கேள்வி கேட்பதையே வாழ்வாகக் கொண்டிருந்த சாக்ரடீஸ் கி.மு. 399இல் குற்றவாளிக் கூண்டில் நின்றார். இளைஞரைக் கெடுத்தார், நகரின் தெய்வங்களை மதிக்கவில்லை என்பன அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்கள். அவருக்கு நஞ்சூட்டித் தண்டனை வழங்கியவன் ஒரு கொடுங்கோலன் அல்லன். சீட்டின் மூலம் தேர்வான குடிமக்களே பெரும்பான்மை வாக்கால் அதனை வழங்கினர். மக்களாட்சியைப் பயில்வோர் தவிர்க்காமல் சிந்திக்கவேண்டிய இடம் இது.

பிளாட்டோவும் ரூஸ்ஸோவும்

ஆசிரியரின் மறைவு பிளாட்டோவின் நெஞ்சில் ஆறாத வடுவாயிற்று. நீதி யாது, ஆளத்தக்கவர் யார் என்னும் வினாக்களை ஆராய்ந்து அவர் படைத்த பெருநூலைச் சர்மா ‘பிளாட்டோவின் அரசியல்’ என்னும் பெயரில் தமிழாக்கினார். ஆங்கிலத்தின் வழியே வந்த மொழிபெயர்ப்பாயினும், கடினமான மெய்யியல் உரையாடலைத் தமிழ் மாணவர் தொடர்ந்து படிக்கும்படி தெளிந்த நடையில் அமைத்தார்.

பிளாட்டோ மக்களாட்சியை ஐயத்தோடு நோக்கியவர். அறிவிற் சிறந்தோரே ஆளவேண்டும் என்றவர். மக்களின் பொதுவிருப்பமே அரசின் அடிப்படை என்ற ரூஸ்ஸோவின் நூலையும் சர்மா ‘சமுதாய ஒப்பந்தம்’ என்னும் பெயரில் தமிழுக்குத் தந்தார். ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரு நூல்களையும் ஒரே கை மொழிபெயர்த்தது. புதிதாகத் தன்னாட்சி பெறும் ஒரு நாட்டின் மக்கள் இரு தரப்பையும் கேட்டறிந்தே தம் வழியை அமைக்கவேண்டும் அல்லவா? இதற்கு ஆங்கிலக் கல்வி நுழைவுச்சீட்டாக இருத்தலாகாது என்பதையே அவருடைய பணி உணர்த்துகிறது.

இறுதிக் காலம்

எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதிய சர்மா எளிய வாழ்வே வாழ்ந்தார். மங்களம் அம்மையாரின் மறைவு அவரைப் பெரிதும் வருத்தியது. அத்துயரில் பிறந்த கடிதங்கள் ‘அவள் பிரிவு’ என்னும் நூலாயின. உலகத் தலைவர்களைப் பற்றி அளந்து எழுதிய கை, வாழ்க்கைத் துணையை இழந்த தனிமையையும் மறைக்காமல் எழுதியது. 1978ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் அவர் மறைந்தார்.

வகுப்பறையிலிருந்து அவைக்கு

திண்டுக்கல்லைச் சூழ்ந்த ரெட்டியார்சத்திரம், சாணார்பட்டி, வேடசந்தூர் ஒன்றியங்களின் ஊர்களிலும், தமிழகத்தின் பிற ஊர்களிலும் சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர். குடிநீர், சாலை, தெருவிளக்கு, வரவு செலவு என எதைப்பற்றியும் எவரும் எழுந்து கேட்கலாம். ஏதென்ஸின் அவையில் பெண்களுக்கு மறுக்கப்பட்ட இடம் இங்கே சட்டத்தால் உறுதி செய்யப்பட்டுள்ளது. உழுபவரும் நெய்பவரும் ஒரே தரையில் அமரும் உரிமையும் உண்டு.

உரிமை ஏட்டில் இருப்பது வேறு. அதனைக் கையாளும் அறிவும் துணிவும் மக்களிடம் இருப்பது வேறு. ஏதென்ஸ் தழைத்தது மக்கள் அவைக்கு வந்ததால். தடுமாறியது அவர்கள் கேள்வியைக் கண்டு அஞ்சியதால். மேனிலை வகுப்பில் பயிலும் மாணவர் ஓரிரு ஆண்டுகளில் வாக்காளராவர். அவர்கள் கையில் இவ்வரலாற்றைத் தாய்மொழியில் வைத்துச் சென்றவர் சாமிநாத சர்மா. அதனைப் படித்துவிட்டு ஊரவையில் எழுந்து முறையான ஒரு கேள்வியைக் கேட்கும் இளைஞரே அவர் உழைப்பின் பயனை முழுமையாக்குபவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊராட்சியில் நடைபெறும் கிராம சபைக் கூட்டத்தைப் பார்வையிட்டு, அதனை ஏதென்ஸ் மக்களவையோடு ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

2. உத்திரமேரூர்க் குடவோலை முறைக்கும் ஏதென்ஸின் சீட்டு முறைக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை அட்டவணைப்படுத்துக.

3. பெரும்பான்மையின் முடிவு எப்போதும் நீதியாகுமா என்னும் தலைப்பில், சாக்ரடீஸின் வழக்கை முன்வைத்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.