கோதாவரிக்கு அணை கட்டியவர்

சர் ஆர்தர் காட்டன் 1803-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். பதினெட்டாம் வயதில் பொறியாளராகச் சென்னை மாகாணத்திற்கு வந்தார். காவிரிப் பாசனத்தைச் சீரமைக்கும் பணி அவருக்கு அளிக்கப்பட்டது. அங்கே, கரிகால் சோழன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணையைக் கண்டு வியந்தார். ஆற்று மணலின்மீது அணை நிலைத்து நிற்கும் முறையை ஆராய்ந்து அறிந்தார். அவ்வறிவைக் கொண்டு கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையை அமைத்தார்.

அக்காலத்தில் கோதாவரிக் கழிமுகப் பகுதி வறுமையில் வாடியது. மழை பொய்த்தால் பஞ்சம், மிகுந்தால் வெள்ளம். ஆற்றுநீரோ வயலுக்கு உதவாமல் கடலில் கலந்தது. 1833-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் எண்ணற்றோர் மாண்டனர். விளைச்சல் குன்றியதால் அரசின் வரி வருவாயும் குறைந்தது.

ராஜமுந்திரிக்கு அருகிலுள்ள தவளேஸ்வரத்தில் அணை கட்ட வேண்டும் எனக் காட்டன் அரசிடம் வலியுறுத்தினார். செலவுக்கு அஞ்சித் தயங்கிய அரசு பின்னர் இசைந்தது. 1847-இல் தொடங்கிய பணி 1852-இல் நிறைவுற்றது. காவிரியில் கற்ற பாடம் கோதாவரியில் பயன்பட்டது.

கால்வாய்கள் வயல்களில் நீர் பாய்ச்சின. அவற்றின் வழியே படகுகள் விளைபொருள்களைச் சந்தைக்குக் கொண்டு சென்றன. விளைச்சல் பெருகியது; வணிகம் வளர்ந்தது; வரி வருவாயும் உயர்ந்தது. பொதுப்பணிக்கு இட்ட பணம் மக்களுக்குச் சோறாகவும் அரசுக்கு வருவாயாகவும் திரும்பியது.

இருப்புப்பாதைகளைவிடக் கால்வாய்களுக்கே மிகுதியாகச் செலவிட வேண்டும் என இறுதிவரை வாதிட்ட காட்டன், 1899-இல் மறைந்தார். ஆந்திர உழவர்கள் இன்றும் அவருக்குச் சிலை வைத்துப் போற்றுகின்றனர்.