ஒதுக்கிய மேளத்தை நடுவில் வைத்தவர்

ஆரணி வட்டாரக் கிராமங்களில் நம் இளைஞர்களிடையே ஒரு வாதம் ஓயாமல் நடக்கிறது. பறையைத் தொடவே கூடாது என்கிறார்கள் ஒரு சாரார். அதையே மேடையேற்ற வேண்டும் என்கிறார்கள் இன்னொரு சாரார். இரு தரப்பாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வாழ்க்கை, கியூபா நாட்டு இசைக்குழுத் தலைவர் ஆர்செனியோ ரோட்ரிகஸுடையது.

கியூபா கரும்பு விளையும் தீவு. அங்கே ஸ்பெயின்காரர்கள் ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து வந்து அடிமைகளாக உழைக்க வைத்தார்கள். அடிமை முறை ஒழிந்தது 1886இல்தான். அடுத்த 25 ஆண்டுகளில், 1911இல், மட்டான்சாஸ் மாகாணத்தில் ஆர்செனியோ பிறந்தார். அவருடைய பாட்டனார் காங்கோ பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமை. சிறுவயதில் ஒரு விலங்கு உதைத்ததில் ஆர்செனியோவுக்குப் பார்வை போயிற்று. வீட்டுப் பெரியவர்களின் ஆப்பிரிக்கப் பாட்டையும் மேளத்தையும் கேட்டே வளர்ந்தார். 'ட்ரெஸ்' என்ற தந்திக்கருவியில் தேர்ந்தார்.

அப்போது தலைநகர் ஹவானாவில் 'சோன்' என்னும் ஆட்ட இசை பரவியிருந்தது. ஆறேழு பேர் கொண்ட சிறு குழுக்கள் அதை வாசித்தன. கொங்கா என்ற நெட்டை மேளத்துக்கு அந்தக் குழுக்களில் இடமில்லை. உள்ளங்கையால் அடிக்கும் அந்த மேளத்தை, அடிமைகளின் சேரி மேளம் என்று மேட்டுக்குடியினர் இளக்காரமாகப் பார்த்தார்கள். தெரு ஊர்வலங்களில் அதற்குத் தடை விதிக்கப்பட்ட காலமும் உண்டு.

1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆர்செனியோ அந்த மேளத்தைத் தன் குழுவில் சேர்த்தார். அப்படிச் செய்த முன்னோடிகளில் முதன்மையானவர் அவர். பியானோவையும் கூடுதல் டிரம்பெட்டுகளையும் சேர்த்தார். பாவும் ஊடையும் போல எல்லாக் கருவிகளும் தாளத்தோடு பின்னி ஓடும்படி இசையை அமைத்தார். வெள்ளையர் மன்றங்களில் கறுப்பின மக்களுக்கு அனுமதி இல்லாத காலம் அது. கறுப்பின மக்கள் தாங்களே நடத்திய மன்றங்களில் அவருடைய குழுவுக்குக் கூட்டம் கூடியது. அடிமையின் குரலில் விடுதலை கேட்கும் அவருடைய பாடல் ஒன்று 1937இலேயே இசைத்தட்டாக வெளிவந்து புகழ்பெற்றது.

பார்வை திரும்புமா என்று அறிய 1947இல் நியூயார்க் சென்றார். வழியில்லை என்றார் மருத்துவர். அந்த வேதனையில், வாழ்க்கை ஒரு கனவு என்ற பொருளில் அவர் கட்டிய பாடல் நாடெங்கும் பரவியது. 1950களில் குழுவை டிரம்பெட் கலைஞர் பெலிக்ஸ் சாப்போட்டினிடம் ஒப்படைத்துவிட்டு அமெரிக்காவில் தங்கினார். அங்கே பணமும் பெரும்புகழும் மற்றவர்களுக்குப் போயின. 1970ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். அடுத்த சில ஆண்டுகளில் 'சல்சா' என்ற பெயரில் உலகமே ஆடிய இசைக்கு அடித்தளம் அவர் வகுத்த குழு அமைப்புதான்.

ஆர்செனியோ யாருடைய கட்டளைக்கும் அந்த மேளத்தை எடுக்கவில்லை. தானே விரும்பி எடுத்தார், தன் குழுவில், தன் மக்கள் முன்னால். நம் ஊரில் சாவுக்கு அடித்தே ஆக வேண்டும் என்று ஆள்விட்டு அழைப்பது சாதிக் கட்டளை. அதை மறுப்பது நம் உரிமை. இழிவைச் சுமத்தும் வேலைகளைக் கைவிடச் சொன்னவர் அண்ணல் அம்பேத்கர். அதே பறையை விரும்பிக் கற்று, கூலி பேசி, மரியாதையோடு மேடையில் அடிப்பதும் நம் உரிமையே. முடிவெடுக்க வேண்டியவர் மேளத்தைக் கையில் பிடிப்பவர்.

மாணவர்களுக்கு ஒரு வேலை உண்டு. ஆர்செனியோவின் பெயர் நமக்குக் கிடைத்தது, அவர் இசைத்தட்டுகளில் அது அச்சானதால். நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பறையடித்த தாத்தாக்களின் பெயர் எந்த அழைப்பிதழிலும் அச்சாகவில்லை. இந்த விடுமுறையில் அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். பெயர், ஊர், கற்றுக்கொடுத்தவர், அடிகளின் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.