சிப்பாயாகச் சேர்ந்த இன்ஜினியர்

கல்லூரி முடித்து முதல் வேலையில் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்தது மேசை நாற்காலி இல்லை. ஒரு ஸ்பானர் செட்டும் காக்கி உடுப்பும்தான். லீவுக்குப் போடிக்கு வந்தால் சொந்தக்காரங்க முகத்தைப் பார்க்கவே கூச்சம். இன்ஜினியருக்குப் படிச்ச பையன் கையில கிரீஸா என்று கேட்காத ஆள் இல்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட இருந்தேன். அந்தச் சமயத்தில் படித்துத் தெரிந்துகொண்ட ஒருவரின் வாழ்க்கையைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அவர் பெயர் ஹர்ஜிந்தர் சிங். பஞ்சாப்காரர். லாகூரில் மெக்ளகன் பொறியியல் கல்லூரியில் படித்தவர். அந்தப் படிப்புக்கு ரயில்வேயில் நல்ல உத்தியோகம் காத்திருந்த காலம் அது. அவரோ புதிதாக அமையவிருந்த விமானப்படையில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்தார். அந்தப் பதவிக்குப் பெயர் ஹவாயி சிப்பாய், அதாவது வான் சிப்பாய்.

இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8 அன்று பிறந்தது. முதல் ஸ்குவாட்ரன் 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சி டிரிக் ரோடில் தொடங்கியது. இருந்தது நான்கே நான்கு வாபிட்டி விமானங்கள், இங்கிலாந்தில் பயிற்சி பெற்று வந்த விரல்விட்டு எண்ணக்கூடிய அதிகாரிகள், 19 ஹவாயி சிப்பாய்கள். இந்தியனால் விமானத்தை ஓட்டவும் முடியாது, பராமரிக்கவும் முடியாது என்று நினைத்த வெள்ளைக்காரர்கள் ஏராளம். ஒரு நட்டு கழன்றாலும் அவர்கள் சொன்னது நிஜம் என்றாகிவிடும். அதனால் அந்தச் சிப்பாய்கள் முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும் நாட்டின் மானமே இருந்தது.

சிப்பாய்களின் வேலை தரையோடு முடியவில்லை. வாபிட்டியில் முன்னால் உட்கார்ந்து ஓட்டுபவர் அதிகாரி. பின் இருக்கையில் துப்பாக்கியோடு உட்கார்ந்தவர் பெரும்பாலும் சிப்பாய். வடமேற்கு எல்லை மலைகளுக்கு மேலே இரண்டு பேருக்கும் ஒரே ஆபத்துதான். சம்பளமும் மரியாதையும் மட்டும் வேறு வேறு.

1942 பிப்ரவரியில் அந்த ஸ்குவாட்ரன் லைசாண்டர் விமானங்களோடு பர்மா டவுங்கூவுக்குப் போனது. தலைவர் மஜும்தார், இயந்திரங்களுக்குப் பொறுப்பு வாரண்ட் ஆபீசராக உயர்ந்திருந்த ஹர்ஜிந்தர். லைசாண்டர் தரைப்படைக்குத் துணையாகச் செய்யப்பட்ட விமானம். அதையே குண்டு ஏற்றி, தாய்லாந்தில் இருந்த ஜப்பானிய விமானத்தளத்தைத் தாக்க அனுப்பினார்கள். உதிரி பாகம் வந்துசேரும் என்ற நிச்சயம் இல்லை. இருந்ததை வைத்து ஒப்பேற்றிப் பறக்கவிட்டார்கள். மஜும்தாருக்கு டி.எஃப்.சி. விருது, ஹர்ஜிந்தருக்கு எம்.பி.இ. விருது. அதே ஆண்டு ஹர்ஜிந்தர் அதிகாரியும் ஆனார்.

பின்னாளில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். பராமரிப்புக் கட்டளையின் தலைவராக, ஏர் வைஸ் மார்ஷல் பதவிவரை போனார். கான்பூரில் அவர் வழிகாட்டலில் கான்பூர்-1 என்ற சிறு விமானம் உருவானது. அங்கேயே பொருத்தப்பட்ட முதல் ஆவ்ரோ 748 விமானம் 1961 நவம்பர் 1 அன்று பறந்தது. ஓராண்டுக்கு முன் மறைந்த தளபதி சுப்ரதோ முகர்ஜியின் நினைவாக அதற்குச் சுப்ரதோ என்று பெயர். முகர்ஜி அந்த முதல் ஸ்குவாட்ரனின் இளம் விமானி. ஹர்ஜிந்தர் அதன் சிப்பாய். பழைய சகாவின் பெயரோடு அந்த விமானம் மேலெழும்பியபோது அவர் மனசு எப்படி இருந்திருக்கும்!

அதிகாரி அல்லாதவர் விமானம் ஓட்டிய காலம் உலகத்தில் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான் எல்லாவற்றிலும் சார்ஜென்ட் விமானிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பிறகு விமானம் ஓட்டுவது பெரும்பாலும் அதிகாரிகளுக்கே என்றானது. அமெரிக்கக் கடற்படையில் அந்த வரிசையின் கடைசி ஆள் 1981இல் ஓய்வுபெற்றார். நம் விமானப்படையில் ஃபிளைட் இன்ஜினியர், ஃபிளைட் கன்னர் போன்ற பொறுப்புகளில் அந்தப் பின் இருக்கை மரபு நீடிக்கிறது.

தம்பி, தங்கைகளே! ஏலக்காய் எஸ்டேட்டுக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் ஜீப்பைப் பாருங்கள். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் அவர்கள் உயிர் இருப்பது பிரேக்கைச் சரிபார்த்த மெக்கானிக்கின் கையில். படித்த படிப்புக்கு உங்களுக்குக் கிடைக்கும் முதல் வேலை சின்னதாகத் தெரியலாம். பதவி சின்னதாக இருக்கட்டும், பரவாயில்லை. வேலையைச் சின்னதாகச் செய்துவிடாதீர்கள். நான் அந்த ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. இன்றுவரை அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை.